முந்தி எவடம்?

கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னால் ஒரு வீட்டில் அறை வாடகைக்கு இருக்கிறது. மகளுக்கு மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் வேலை கிடைத்திருக்கிறது. திங்கள் தொடங்க வேண்டும். அறை பார்க்க இருவரும் பஸ்ஸில் வந்திருக்கிறோம்.

வீட்டுக்கார அம்மா நல்ல முகத்தோடு கதிரை போடுகிறார். அறையைத் திறந்து காட்டுகிறார். மகளுக்குப் பிடித்துவிட்டது.

"நீங்கள் எவடம்?"

"பூவரசங்குளங்க."

"அது சரி. முந்தி எவடம்?"

"மலைநாடுங்க. எங்க அப்பா காலத்துல தேயிலைத் தோட்டத்த விட்டு வந்தோம்."

அவருடைய கண் என் செருப்புக்கு இறங்குகிறது. பிறகு மகளின் முகத்துக்கு ஏறுகிறது.

"ஐயோ, மறந்துபோனன். அண்ணற்ற மகள் வாறாள். அறை அவளுக்கெல்லோ."

தெருவுக்கு வருகிறோம். நாலு வீடு தள்ளி இன்னொரு கேற்றில் 'அறை வாடகைக்கு' என்று மட்டை தொங்குகிறது. மகள் நிற்கிறாள்.

"அப்பா, இங்க நான் தனியப் போறன். கேட்டா பக்கத்து உருத்திரபுரம் எண்டு சொல்லுவன். நீங்கள் அந்தக் கடையடியில நில்லுங்கோ."

"சரிம்மா. போ."

கேற் திறக்கிறது. உள்ளே யாரோ அவளோடு சிரித்துக் கதைக்கிறார்கள்.

கடையடியில் நின்றாலும் அந்த வீட்டிலிருந்து பார்த்தால் நான் தெரிவேன். நான் கடைக்குப் பின்னால் போய் நிற்கிறேன்.