துணி எடுக்கச் சொன்ன மகள்

இது நடந்து மூன்று ஆண்டுகள் இருக்கும். கிள்ளானில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக்குக் கீழே, பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். உங்களைப் போன்ற பிள்ளைகள்தான் தினமும் என் வேனில் வருகிறார்கள். இடைநிலைப் பள்ளியில் படிவம் மூன்றோடு படிப்பை நிறுத்தியவன் என்பதால், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகள் அன்றைக்குச் செய்ததைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

அப்போது அவள் கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். குழந்தைகள் எப்படி வளர்கிறார்கள், குடும்பம் எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு படிப்பு இருக்கிறது. அதைத்தான் ஆசைப்பட்டு எடுத்தாள். மகள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் சொல்லவே கூச்சமாக இருக்கும். என் மச்சான் ஒருவர், சொந்தக்காரர்கள் எல்லாம் கூடியிருந்த இடத்தில் கேட்டே விட்டார்.

"பிள்ளை வளக்குறதுக்கு யூனிவர்சிட்டியா மச்சான்? எங்கம்மா ஒன்பது பேரை வளத்தாங்க லா, ஒரு சர்ட்டிபிகேட்டும் கிடையாது!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மகளும் சிரித்துக்கொண்டே, "அந்த ஒன்பது பேருல நீங்களும் ஒருத்தர் மாமா. அத்தையைக் கேட்டுட்டுத்தான் பாட்டிக்கு மார்க் போடணும்," என்றாள். அத்தைதான் அதிகமாகச் சிரித்தார்.

அவள் படிக்கும் இடத்தில் பாலர் பள்ளி மாதிரி ஓர் அறை இருக்கிறதாம். சின்னப் பிள்ளைகள் அங்கே விளையாடுவார்கள். மாணவர்கள் ஒரு மூலையில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், பிள்ளை என்ன செய்கிறது, அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். "சும்மா உக்காந்து பாக்குறது ஒரு படிப்பாம்மா?" என்று கேட்டேன். "சும்மா பாக்குறதுதான்ப்பா கஷ்டம்," என்றாள். எனக்கு விளங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் மாடி வீட்டுப் பெண்பிள்ளைக்குப் பிறந்தநாள். கார் நிறுத்துமிடத்தில் கூடாரம் போட்டு, நாற்காலி போட்டு, மீஹூனும் கோழியும் சமைத்து அக்கம்பக்கம் எல்லோரையும் அழைத்திருந்தார்கள். பிள்ளையின் அப்பா கொண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர், ஜொகூரிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார். அம்மாதான் ஒற்றை ஆளாக ஓடியாடிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் இன்னொரு பிள்ளை உண்டு, அவளுடைய தம்பி, நான்கு வயதுப் பையன். ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்க மாட்டான்.

கேக்கின் மேல் கவுன் போட்ட ஒரு பொம்மை நின்றது. பையனுக்கு அதைத் தொட்டுப் பார்க்க ஆசை. கை எட்டவில்லை. மேஜை விரிப்பைப் பிடித்து இழுத்தான். கேக் அப்படியே குப்புற விழுந்தது.

பிறந்தநாள் பிள்ளை ஓவென்று அழுதாள். பையனுடைய பெரியம்மா, அவனைத் தூக்கித் தூக்கி வளர்த்தவர், கேக் வெட்டும் கத்தியோடு பக்கத்தில் நின்றவர், "இன்னைக்கு உன் தோலை உரிக்கிறேன் பாரு!" என்று கத்தினார். எல்லோரும் கேக்கைத் தூக்கக் குனிந்தோம். நிமிர்ந்து பார்த்தபோது பையனைக் காணவில்லை.

முதலில் யாரும் பயப்படவில்லை. மேஜைக்கு அடியில் பார்த்தோம். வீடு பூட்டியிருந்தது. விளையாட்டு இடத்தில் இல்லை. மூலைக் கடையில் இல்லை. மற்ற மாடிகளுக்கு ஓடிப் போய்ப் பார்த்தவர்கள் தலையை ஆட்டிக்கொண்டே இறங்கி வந்தார்கள். அப்புறம்தான் எல்லோர் கண்ணும் ஒரே பக்கம் போனது.

எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு பெரிய லோங்காங் இருக்கிறது. மழைத் தண்ணீர் ஓடும் கால்வாயை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். என் நெஞ்சளவு ஆழம், இறங்குவதற்குச் சிமெண்டுப் படிகள் உண்டு. வெயில் நாளில் செருப்பு நனையும் அளவுதான் தண்ணீர். மழை பிடித்தால் விளிம்பு வரை நுரைத்துக்கொண்டு ஓடும். அன்றைக்கு போர்ட் கிள்ளான் பக்கம் வானம் கரியாக இருந்தது.

போலீசுக்கும் தீயணைப்புக்கும் போன் போட்டார்கள். அவர்கள் வரும் வரை சும்மா இருக்க முடியுமா? எல்லோரும் கத்திக் கூப்பிட ஆரம்பித்தோம். என் குரல் ஒரு வேன் நிறையப் பிள்ளைகளை அடக்கிப் பழகிய குரல். "டேய்! எங்கடா இருக்க? வெளிய வரப்போறியா இல்லையா?" என்று கட்டடமே அதிரக் கூப்பிட்டேன். "வரலன்னா போலீஸ் புடிச்சிட்டுப் போயிடும்டா!" என்று வேறு யாரோ கத்தினார்கள். பையனின் அம்மா செருப்பில்லாத காலோடு கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினார்.

மகள் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள்.

"அப்பா, கத்தாதீங்கப்பா."

"பின்ன எப்படிம்மா கூப்பிடுறது?"

"நீங்க யாரும் கூப்பிடல. எல்லாரும் திட்டுறீங்க. நீங்க பயத்துல கத்துறீங்க, அவனுக்கு அது அடிக்க வர்ற குரலாத்தான் கேக்கும். எங்கயாச்சும் ஒளிஞ்சிருந்தான்னா, இன்னும் உள்ளதான் போவான்."

அந்த "உள்ள" என்ற சொல்லைக் கேட்டதும் லோங்காங்கைப் பார்த்து ஓடினேன். கார் போகும் பாதைக்கு அடியில் லோங்காங் ஒரு சிமெண்டுக் குழாய்க்குள் நுழைந்து அந்தப் பக்கம் வருகிறது. பெரிய ஆள் உள்ளே போக முடியாது. இறங்கிக் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். குழாய் நடுவில் வளைகிறது. வளைவுக்கு அப்பால் இருட்டு.

குடியிருப்புத் தலைவர் பையனுக்குக் கேட்கட்டும் என்று ஒரு தட்டை எடுத்துத் தட்டிக்கொண்டிருந்தார். மகள் அவரிடம் போய், "அங்கிள், கொஞ்ச நேரம் எல்லாரையும் பேசாம இருக்கச் சொல்றீங்களா?" என்றாள்.

"பாடம் நடத்துற நேரமா பிள்ள இது? மழை வருது!"

"மழை வர்றதுனாலதான் அங்கிள் கேக்குறேன்."

அவள் அவர் முன்னாலிருந்து நகரவில்லை. எனக்கு என்ன தோன்றியதோ, அதே பெரிய குரலைக் கடைசியாக ஒருமுறை எடுத்து, "எல்லாரும் வாயை மூடுங்க! பிள்ள என்ன சொல்லுதுன்னு கேளுங்க!" என்றேன். தட்டுச் சத்தம் நின்றது.

மகள் பையனின் அம்மாவைப் பிடித்து நிறுத்தினாள். அவன் எங்கே போயிருப்பான் என்று கேட்கவில்லை. அதை எல்லோரும் கேட்டாகிவிட்டது. "அக்கா, மத்த நாள்ல இப்படி மழை இருட்டிக்கிட்டு வந்தா அவன் என்ன செய்வான்?" என்று கேட்டாள்.

அவருக்கு முதலில் புரியவில்லை. "என்ன செய்வான்... நான் துணி எடுப்பேன். அவன் கிளிப்புக் கூடையைப் புடிச்சிக்கிட்டு நிப்பான். அது அவன் வேலை. அக்காவைக்கூடத் தொட விட மாட்டான்."

"அப்போ வாங்கக்கா. துணி எடுப்போம்."

அந்தத் தாய் என் மகளைப் பார்த்த பார்வையை நான் மறக்கவே மாட்டேன். "என் பிள்ளையைக் காணோம். என்னைத் துணி எடுக்கச் சொல்றியா நீ?"

மகள் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "தேடுறதை நிறுத்தல அக்கா. அப்பாவும் இன்னொரு அங்கிளும் சத்தம் போடாம குழாய்க்கு அந்தப் பக்கம் நிப்பாங்க. நீங்க மட்டும் எப்பவும் மாதிரி அவனைக் கூப்பிடுங்க. கேக்கைப் பத்திப் பேச வேணாம். அழ வேணாம். எப்பவும் மாதிரி."

துணி காயப்போடும் கம்பிகள் லோங்காங் ஓரத்திலேயேதான் இருந்தன. நாங்கள் இரண்டு பேரும் தண்ணீர் வெளியே வரும் பக்கம் இறங்கி நின்றோம். மற்றவர்களை மகள் கூடாரத்துக்கு அனுப்பினாள். அந்த அம்மா கம்பியருகே போய் ஒரு சட்டையைப் பிடித்தார். முகத்தைத் துடைத்தார். பிறகு, தினமும் அலுத்துக்கொள்கிற மாதிரியே, கொஞ்சம் சலிப்பாகச் சொன்னார்:

"ஐயோ, மழை வருதே. இவ்வளவு துணி கிடக்கு. கிளிப்பெல்லாம் கீழ கொட்டுது. யாருதான் கூடையைப் புடிக்கிறது?"

என் கழுத்தில் ஒரு துளி விழுந்தது. என்னோடு இறங்கி நின்றவர் கூப்பிட வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். உண்மையில் எனக்கே கத்த வேண்டும்போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். காலடியில் ஓடிய தண்ணீர் கொஞ்சம் தடித்தது போலத் தெரிந்தது.

அந்த அம்மா இன்னொரு துணியை எடுத்தார். அடுத்து அவர் சொன்னது என் மகள் சொல்லிக்கொடுத்ததல்ல, அவராகவே சொன்னது.

"சரி, அக்காவைத்தான் கூப்பிடணும்போல. கூடையை இனிமே அவகிட்டயே குடுத்துட வேண்டியதுதான்."

குழாய்க்குள்ளிருந்து கோபமாக ஒரு சின்னக் குரல் வந்தது.

"அது என் கூடை!"

உள்ளே உடம்பு உரசும் சத்தம் கேட்டது. குழாயின் மேல் பக்கத்து வாயிலிருந்து ஒரு தலை வந்தது. முடியெல்லாம் சேறு, கன்னத்தில் காய்ந்துபோன கேக் கிரீம். ஓடிப்போய்த் தூக்க எல்லோரும் எழுந்தார்கள். மகள் கையைக் காட்டினாள். யாரும் அசையவில்லை. அம்மா படி ஓரத்தில் உட்கார்ந்து கையை நீட்டி, "வா, சீக்கிரம் வா, நனையுது," என்றார். அவன் அந்தக் கையைப் பிடித்து ஏறி வந்தான்.

ஒன்று அடிப்பார், இல்லை கட்டிப் பிடிப்பார் என்று நினைத்தேன். அவர் கூடையை எடுத்து அவன் கையில் கொடுத்தார். வேலைக்கு என்று கூப்பிட்டார் அல்லவா, அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். மழை கொட்ட ஆரம்பித்துவிட்டது. துணியெல்லாம் தொப்பலாக நனைந்துவிட்டது. அந்த நனைந்த துணியை ஒவ்வொன்றாக எடுத்தார், அவன் இரண்டு கையாலும் கூடையைத் தூக்கிப் பிடித்தான். கடைசிக் கிளிப்பும் கூடையில் விழுந்த பிறகுதான் தரையில் உட்கார்ந்து அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதறினார்.

அவன் பயந்துபோய், "துணி நனைஞ்சதுக்கா அழுறம்மா?" என்று கேட்டான்.

கொஞ்ச நேரத்தில் லோங்காங் இரைந்துகொண்டு ஓடியது. குழாய் வாய் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. ஓரத்தில் நின்று பார்த்தோம். போலீசும் தீயணைப்பு வண்டியும் அப்போதுதான் வந்து சேர்ந்தன. பாடம் நடத்தும் நேரமா என்று கேட்ட தலைவர், தான் நனைந்துகொண்டே என் மகளுக்குக் குடை பிடித்தார்.

கூடாரத்தில் பையனைத் துண்டால் சுற்றி உட்கார வைத்து சூடாக மைலோ கலக்கிக் கொடுத்தார்கள். ஏன் அங்கே போனாய் என்று மகள் கேட்கவில்லை. பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவனாகவே சொன்னான்: "எல்லாரும் திட்டுனாங்க. நான் உள்ள உள்ள போயிட்டேன்." அப்புறம் விரலை நீட்டி, "இந்த வேன் அங்கிள்தான் ரொம்பத் திட்டுனாரு," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் வேனுக்குப் பின்னால் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

பெரியம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, "நான் உரிக்கிறேன்னு சொன்னா உரிச்சிடுவேனாடா? உன்னையா?" என்றார்.

"கையில கத்தி இருந்துச்சே," என்றான் அவன்.

நாங்கள் யாரும் அந்தக் கத்தியை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. "நாலு வயசுல, சொன்னா சொன்னதுதான் பெரியம்மா. விளையாட்டுக்குச் சொல்றது அவனுக்குத் தெரியாது," என்றாள் என் மகள், மெதுவாக. பெரியம்மா தலையாட்டினார்.

சாயங்காலம் அவளை வேனில் ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். "இதெல்லாம் பாடத்துல சொல்லிக் குடுத்தாங்களாம்மா?" என்று கேட்டேன்.

"துணி எடுக்கறது எந்தப் பாடத்துலயும் இல்லப்பா. அது அந்த அக்கா சொன்னது. பிள்ளை என்ன செஞ்சதுன்னு கேக்குறதுக்கு முன்னாடி, அது காதுல என்ன விழுந்துச்சு, கண்ணுல என்ன பட்டுச்சுன்னு பாருங்க, அவ்வளவுதான் சொல்லித் தர்றாங்க." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவன் வராம போயிருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு எனக்குத் தெரியலப்பா," என்று சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். அவள் கையைப் பிடித்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. இவ்வளவு பயத்தை உள்ளே வைத்துக்கொண்டா அத்தனை பெரியவர்கள் நடுவில் நிதானமாக நின்றாள் என்று எனக்கு மலைப்பாகப் போய்விட்டது.

இப்போது அவள் பெட்டாலிங் ஜெயாவில், பேச்சு வரத் தாமதமாகும் பிள்ளைகளோடு வேலை செய்கிறாள். மகள் என்ன படித்தாள் என்று யாராவது கேட்டால், அவர்கள் கேட்டதைவிட அதிகமாகவே பதில் சொல்கிறேன்.

பிள்ளைகளே, லோங்காங் பக்கம் மட்டும் போகாதீர்கள். எதையாவது உடைத்துவிட்டால் யாராவது ஒருவரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். உங்கள் அப்பாவோ அம்மாவோ உங்கள் பெயரைச் சொல்லிக் கத்தினால், அது பாதி நேரம் கோபமில்லை, பயம். பெரியவர்களுக்குப் பயம் வந்தால் அப்படித்தான் சத்தம் வரும். பயப்படாமல் வெளியே வாருங்கள்.

எனக்கும் அந்த நாளிலிருந்து ஒரு பழக்கம் வந்திருக்கிறது: வேனில் ஒரு பிள்ளையை அதட்ட வாயைத் திறக்கும்போதெல்லாம், இருட்டுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு பிள்ளைக்கு இந்தக் குரல் எப்படிக் கேட்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன், பாதி நாள் என் குரல் தானாகவே தணிந்துவிடுகிறது.