கழுத்தை மட்டும் பிடிக்கும் டை

சனிக்கிழமை காலையில் படுக்கையை விட்டு எழுவதே எனக்குப் பெரும்பாடு. வாரம் முழுக்க ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில், தர ஆய்வு என்ற பெயரில், தலைமுடி கனம் கூட இல்லாத வித்தியாசத்துக்காக மற்றவர்களோடு மல்லுக்கு நின்றுவிட்டு வருகிறவன் நான். கோயம்புத்தூரில் டூல்ரூமில் தொடங்கிய பிழைப்பு. ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் பக்கத்து மல்கிரேவுக்கு வந்து இத்தனை வருடம் ஆகியும் அதே பிழைப்பு. அப்படிப்பட்டவன் ஓய்வு நாளில் தேடிப் பிடித்த பொழுதுபோக்கும் அளவு பார்க்கிற வேலையாகவே அமைந்தது என் தலையெழுத்து. என் மனைவி இதை வேறு வார்த்தைகளில் சொல்வாள்.

பொழுதுபோக்கு என்றது துப்பாக்கி சுடுதலை. தூரத்தில் நிற்கும் காகித இலக்கைப் படுத்துக்கொண்டு சுடுவது, அவ்வளவுதான். இரண்டு தெரு தள்ளியிருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன்தான் என்னை அந்த கிளப்புக்கு இழுத்துப் போனவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், என்னைவிட எட்டு வயது மூத்தவர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் எல்லாம் பாதிப் பாதி. அரிசி மூட்டையைப் பிரித்துக்கொள்வோம், மாம்பழப் பெட்டியைப் பிரித்துக்கொள்வோம். துப்பாக்கி மட்டும்தான் ஆளுக்கொன்று. இரண்டுக்கும் ஒரே அளவுத் தோட்டா.

அந்த வருடம் அண்ணனின் வலக் கண்ணில் அழுத்தம் ஏறிவிட்டது. அடுத்த வருடம் இலக்கு தெரியும் என்று நம்பியிருக்க வேண்டாம் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். அதே மாதத்தில் கிளப்பில் நாலு பேர் அணிக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை. அக்டோபரில் பக்கத்து கிளப்போடு போட்டி.

"ஒருக்கா அந்த அணியில சுட்டுப்போட்டன் எண்டால் காணும் தம்பி. பேந்து துவக்கைக் குடுத்திடுவன்" என்றார். துவக்கு என்றால் அவர் பேச்சில் துப்பாக்கி. சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அன்று மாலை மூன்று தடவை சொன்னார்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "கடைத் தோட்டாவ வெச்சு என்னத்தங்ணா சுடறது? நாமளே போட்டுக்கலாம். அளவு பாக்கறதுல எனக்குத் தெரியாததா?" என்றேன். சுட்ட பித்தளைக் கூட்டை மறுபடி அளவுக்குக் கொண்டுவந்து, தீப்பொறி கிளப்பும் பிரைமரும் வெடிமருந்தும் குண்டும் வைத்துப் புதுத் தோட்டா ஆக்குவது இங்கே கிளப்பில் பலரும் செய்கிற வேலை. கூட்டை அழுத்துகிற பிரஸ் என்னிடம் இருந்தது. டை வாங்க வேண்டும்.

டை என்பது உள்ளே குடைந்த ஓர் எஃகுக் குழல். கூட்டை அதற்குள் அழுத்தினால் அது அளவுக்கு வரும். கடையில் கைத்துப்பாக்கி டைகளும் ரைஃபிள் டைகளும் ஒரே அலமாரியில் இருந்தன. கைத்துப்பாக்கிக்காரன் கொடுத்து வைத்தவன். அவன் கூடு நேராக இருக்கும், டையின் வாயில் கெட்டியான வளையம் இருக்கும், எண்ணெய் தடவாமலே அழுத்திக்கொண்டு போகலாம். ரைஃபிள் கூட்டுக்குச் சரிந்து ஒடுங்கும் தோளும், குண்டைப் பிடிக்கும் கழுத்தும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மசகு தடவி, அழுத்தி, துடைக்க வேண்டும். அதிலும் இரண்டு வகை. ஒன்று கூட்டின் உடம்பு முழுவதையும் இறுக்கிப் பழைய அளவுக்கே கொண்டுவரும், அதைப் பிறகு எந்தத் துப்பாக்கியிலும் போடலாம். மற்றது கழுத்தை மட்டும் இறுக்கும். உடம்பு, அதைக் கடைசியாகச் சுட்ட துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறைக்குள் எப்படிப் பருத்ததோ அப்படியே இருக்கும். தைத்துப் போட்ட சட்டை மாதிரி, அந்தத் துப்பாக்கிக்குக் கச்சிதம்.

கச்சிதம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்குப் புத்தி மழுங்கிவிடும். இரண்டாவதை எடுத்தேன்.

அண்ணன் முழு உடம்பு டையின் பெட்டியைக் கையில் எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். "தம்பி, இது எல்லாத் துவக்குக்கும் பொருந்தும் எண்டு போட்டிருக்கு. இதை எடுப்பமே?"

"அது ஆட்டுமந்தைக்குங்ணா. குறி வேணும்னா இதுதான்."

"ஓம், நீங்கள் சொன்னால் சரிதான்" என்று பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்தார்.

கல்லாவில் இருந்த வெள்ளைக்காரப் பெரியவர் டையைப் பார்த்துவிட்டு, "எத்தனை துப்பாக்கிக்கு?" என்று கேட்டார். தொழிலே இதுதான் எனக்கு, இவர் எனக்குப் பாடம் எடுக்கிறாரே என்று எரிச்சல். "ஒரே அளவுதான்" என்றேன். அவர் கேட்டது அளவை அல்ல. ஆனாலும் தோளைக் குலுக்கிவிட்டுப் பையில் போட்டுக் கொடுத்தார்.

அதன் பிறகு இரண்டு மாதம், வேலை முடிந்து வந்த கையோடு கராஜில் நின்றேன். முதுகு விண்விண் என்று தெறிக்கும். மசகு தடவு, அழுத்து, துடை, அள, பெட்டியில் வை. அண்ணன் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து துணியால் துடைத்துத் தருவார். ரேஞ்சில் அடுத்தடுத்துப் படுத்துச் சுடுவோம். சுட்ட கூடுகளை எங்கள் வீட்டு முறுக்கு டின் ஒன்றில் போடுவோம், இரண்டு பேருடையதும் சேர்த்து. ஒரே பெட்டியாக வாங்கிய கூடு, ஒரே பிராண்டு. அதில் என்னது உன்னது என்று பிரிக்க எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. அரிசியை எண்ணியா பிரித்தோம்? ஒவ்வொரு தொகுதி முடிந்ததும் நாலைந்தை ரேஞ்சில் என் துப்பாக்கியில் போட்டுப் பார்ப்பேன். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி போகும்.

போட்டி நாளன்று வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. அண்ணன் புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். அணியில் கடைசி ஆள் அவர்தான். பத்து குண்டு. நான் பின்னால் மடக்கு நாற்காலியில் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருந்தேன். முதல் மூன்றும் நடு வட்டத்துக்குள். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு எப்படித்தான் சுட்டாரோ. அணிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நான்காவது தோட்டா பாதிதான் போனது. அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் மூடவில்லை. அண்ணன் அதன் கைப்பிடியைத் தூக்கித் தூக்கி அமுக்கினார். பின்னால் இழுத்தால் தோட்டா வெளியே வரவும் இல்லை. சிவப்புத் தொப்பி போட்ட ரேஞ்ச் அதிகாரி வந்து குனிந்து பார்த்துவிட்டு, கையை எடுக்கச் சொல்லித் துப்பாக்கியை ஓரமாக வைத்தார். அண்ணன் பாயில் படுத்தபடியே இருந்தார். அவருக்குரிய நேரம் ஓடி முடிந்தது. மிச்ச ஏழு குண்டும் பூஜ்யம்.

அணிக்காரர்கள் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பெட்டியிலிருந்த மீதித் தோட்டாக்களில் ஒன்றை எடுத்து, என் அளவுகோலை வைத்தபோதே விஷயம் தெரிந்துவிட்டது. என் துப்பாக்கியின் அறை கொஞ்சம் பெரியது, அவருடையது கொஞ்சம் இறுக்கம். அவருடையதில் பருத்தது என்னுடையதற்குள் போகும். என்னுடையதில் பருத்தது அவருடையதற்குள் போகாது. டை கழுத்தை மட்டும் பிடித்தது, உடம்பைத் தொடவே இல்லை. முறுக்கு டின்னில் இரண்டும் கலந்து கிடந்தன. நான் சோதித்ததெல்லாம் என்னுடையதில். ஊரான் வேலையில் இப்படி ஒரு தப்பைக் கண்டிருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

திரும்பி வரும்போது காரை நான்தான் ஓட்டினேன். ஒரு மணி நேரப் பாதை. எனக்கு என்மேல் வந்த கோபத்தை யார் மேலாவது கொட்ட வேண்டியிருந்தது. "இதுக்கு முன்னால இறுகவே இல்லீங்களாண்ணா? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

அண்ணன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். "சொன்னனான் தம்பி. போன கிழமை பயிற்சியில ரெண்டு இறுகினது. நீங்கள்தான் போல்ட்டுக்கு எண்ணெய் போடச் சொன்னனீங்கள்."

எனக்கு நினைவுக்கு வந்தது. போன வாரம் ரேஞ்சில் சொல்லியிருந்தார். நான் தலையைக் கூடத் தூக்காமல், "எனக்கெல்லாம் சரியாத்தான் போகுது, நீங்க எண்ணெயப் போடுங்ணா" என்றிருந்தேன்.

"போட்டனீங்களா?" என்று அவர் பேச்சிலேயே கேட்டுவிட்டேன்.

"ஓம். மூண்டு தரம் போட்டனான்."

அவர் வீட்டு வாசலில் இறங்கும்போது, "பறவாயில்லைத் தம்பி, மூண்டு நல்லாப் போனதுதானே. போயிட்டு வாறன்" என்றார். நான் காரை விட்டு இறங்கவில்லை. அந்த மனிதரிடம் மன்னிப்புக்கூடக் கேட்காமல் காரைத் திருப்பினேன்.

மறுநாளே கடைக்குப் போன் செய்து முழு உடம்பு டைக்குச் சொல்லிவைத்தேன். கைவசம் இல்லை, வர நாளாகும் என்றார்கள். வரட்டும், அடுத்த மாதம் ஒரு நாள் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பத்து குண்டையும் சுட வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பிறகு தொழிற்சாலையில் சனிக்கிழமையும் வேலை வந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டது. டை வந்துவிட்டது என்று கடையிலிருந்து செய்தி வந்தும் இரண்டு வாரம் போகவில்லை.

போன அன்று அதே பெரியவர்தான் கல்லாவில் இருந்தார். என்னை நினைவு வைத்திருந்தார். கழுத்து டை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். முழு உடம்பு டையின் பெட்டியை எடுத்து வைத்துவிட்டு, "இது எத்தனை துப்பாக்கிக்கு?" என்று முன்பு கேட்டதையே கேட்டார்.

முந்தின வியாழக்கிழமை அண்ணன் தம் துப்பாக்கியைப் போலீசில் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார். இடக் கண்ணும் மங்கத் தொடங்கிவிட்டது.

"ஒன்று" என்றேன்.

"ஒன்றுதான் என்றால் இது உனக்கு எதற்கு? உன்னிடம் இருக்கிறதே, அதுதான் சரியான டை" என்று பெட்டியைத் திரும்ப அலமாரியில் வைத்தார்.