முள்கரண்டி வேண்டாம் என்றேன்

ராயபுரத்தில், துறைமுக மதிலை ஒட்டிய சந்தில் ஒரு சீனாக்காரர் ஓட்டல் வைத்திருந்தார். மணிலாவில் பிறந்து வளர்ந்த சீனர். கப்பலில் சமையல்காரராக வந்து இங்கேயே தங்கிவிட்டவர். பிலிப்பைன்ஸ் மாலுமிகள் ஊர் ருசி தேடி அங்கே வருவார்கள். கப்பல் ஏஜென்சி ஒன்றில் அதிகாரியாக இருந்த நான், அவர்களோடு போய்ப் போய்க் குச்சியால் நூடுல்ஸ் சாப்பிடப் பழகியிருந்தேன். அதில் எனக்குக் கர்வம்கூட உண்டு.

தொண்ணூறுகளின் கடைசியில் என் ஒரே மகள் ஒருவனை விரும்பினாள். காத்திவாக்கம் குப்பத்துப் பையன், விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படித்தவன் வாயால் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவளையே சொல்ல வைத்துவிடலாம் என்று எண்ணி இருவரையும் அந்த ஓட்டலுக்கு அழைத்தேன். காலையிலேயே போய், எங்கள் மேஜையில் குச்சி மட்டும் போதும், ஸ்பூன், முள்கரண்டி எதுவும் வேண்டாம் என்று பரிமாறுகிறவரிடம் சொல்லிவைத்தேன்.

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தான். இறாலும் முட்டைக்கோசும் கலந்த மெல்லிய நூடுல்ஸ், ஓரத்தில் பாதியாய் அரிந்த சின்ன எலுமிச்சையோடு வந்தது.

"இன்னா சார், துன்னக் கூப்ட்டு குச்சியக் குடுக்குறீங்க? வலை பின்னணுமா?"

மகள் சிரித்தாள். நான் சிரிக்காமல் என் குச்சிகளால் லாகவமாக எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தேன். அவனும் முயன்றான். எடுத்ததெல்லாம் வழுக்கிச் சட்டையில் விழுந்து கறையாயிற்று. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணே, ஒரு ஃபோர்க் குடுங்க" என்றாள் மகள்.

"சார்தாம்மா வாணாம்னாரு. காலைலயே வந்து சொல்ட்டுப் போனாரே" என்றார் பரிமாறுகிறவர், கள்ளமில்லாமல்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். அவன் குச்சிகளை வைத்துவிட்டு, "எறா நல்லாக் கீது" என்று கையால் அள்ளி முழுவதும் சாப்பிட்டான். கை கழுவிவிட்டு வந்தவன் உட்காரவில்லை.

"எனுக்கு இன்னா சார், நா துன்னுட்டேன். நாளிக்கு எங்கம்மா உங்க எதிர்ல வந்து குந்தும். அதுக்கும் இத்தத்தான செய்வீங்க? அத்த இங்க இட்டாந்து குந்தவெக்க மாட்டேன்."

அவளிடம், "நீ வூட்டுக்குப் போ" என்று மட்டும் சொன்னான்.

அதன்பின் அவள் எத்தனையோ முறை பஸ் ஏறிக் காத்திவாக்கம் போனாள். அவன் மனம் மாறவில்லை. அவனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. ஜெயித்துவிட்டதாகச் சில மாதங்கள் நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

பிறகு நான் கொண்டுவந்த ஒவ்வொரு வரனுக்கும் அவள் ஒன்றையே கேட்டாள்: "இவரை எந்த ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போகப் போறீங்கப்பா?"

வரன் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். அவள் இப்போதும் இந்த வீட்டில்தான் இருக்கிறாள். காலையில் எனக்குச் சமைத்து மூடிவைத்துவிட்டு வேலைக்குப் போகிறாள். என் எதிரில் உட்கார்ந்து அவள் சாப்பிடுவதில்லை.