பயில்வானுக்கு விரித்த நாலு கம்பளி

சினிமாக் கம்பெனியில் சாமான் அறையைப் பார்த்துக்கொள்வது என்றால், ராஜாவுக்குக் கிரீடத்தைக் கொடுத்துவிட்டு, அவர் சாப்பிடப் போகுமுன் திரும்ப வாங்குகிற வேலை. கேட்கக் கூச்சப்படுகிறவனுக்கு அது எத்தனை கஷ்டம் என்று, எங்காவது சாவிக்கொத்து சுமந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யுத்த காலத்தில் சேலத்தில் அந்த வேலையில் இருந்தபோது எடுத்த ஒரு படத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

பதினொரு பதக்கங்கள்

பழம்பெருமையை விடாத ஒரு கிழப் பயில்வானின் கதை அது. கதாநாயகர் நாடகக்காரர், நன்றாகப் பாடுவார், கீழே விழமாட்டார். அதனால் கடைசிக் குஸ்தியில் அவருக்குப் பதிலாகத் தோற்று விழ, சேந்தமங்கலத்திலிருந்து செங்கோடன் என்ற நிஜப் பயில்வானையே அழைத்து வந்தார்கள். முகம் தெரியாது, முதுகு மட்டும் தெரியும் என்று ஏற்பாடு. அவருக்கு வயது ஐம்பத்தாறு. நாற்பத்தொரு குஸ்தியில் அந்த முதுகு ஒருமுறையும் மண்ணில் பட்டதில்லை.

வேஷத்துக்கான தகரப் பதக்கங்கள் பதினொன்றை எண்ணிக் கொடுத்தேன். மூன்றை வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளினார்.

"நான் வாங்குனது மூணுதானுங்க. மத்ததுக்கெல்லாம் வேட்டிதான் குடுத்தாங்க."

ஆறு தடவை

காமிரா ஓடியது. எதிராளியாக நடித்த இளம் பயில்வான் அவரைத் தூக்கப் போனான். இளம் பயில்வான்தான் விழுந்தான். பிலிமுக்குக் கட்டுப்பாடு இருந்த சமயம். டைரக்டர் கெஞ்சினார், கோபித்தார், சாயங்காலத்துக்குள் விழாவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார். "பழக்கமுங்க, கை தானாப் போயிருது" என்றார் செங்கோடன்.

காலையில் மட்டும் ஆறு தடவை. ஆறாவது தடவை எழுந்த இளம் பயில்வான், மண்ணைத் தட்டிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"ஏனுங்க, கதையில ஜெயிக்கிறது நானுங்களா, அவருங்களா?"

கம்பளி

மத்தியானம் செங்கோடன் சாமான் அறைக்கு வந்தார். படம் தங்கள் ஊருக்கும் வருமா என்று கேட்டார். வரும் என்றேன். "மூஞ்சி தெரியாட்டியும் எம்முதுகு ஊருக்கே தெரியுமுங்க" என்று உட்கார்ந்துவிட்டார். மூலையில் அடுக்கியிருந்த கருங்கம்பளிகளைப் பார்த்துவிட்டு, "மண்ணுல பட்டாத்தானே தோல்வி? நடுவுல எதையாச்சும் விரிச்சா?" என்றார்.

நான் அவற்றில் நாலை எண்ணி எடுத்துக் கோதாவில் விரித்தேன். படத்தில் செம்மண்ணும் கறுப்பாகத்தான் தெரியும் என்று காமிராக்காரர் சொன்னதால் டைரக்டர் ஒத்துக்கொண்டார். முதல் தடவையிலேயே செங்கோடன் விழுந்தார். மரம் சாய்ந்தது போல இருந்தது. எழுந்ததும் நேரே என்னிடம் வந்து முதுகைக் காட்டினார்.

"ஒரு பொட்டு மண்ணு இருக்குதான்னு நல்லாப் பாருங்க சாமி."

இரண்டு தடவை பார்த்தேன். இல்லை என்றதும்தான் அவர் முகம் தெளிந்தது.

"அப்ப நாற்பத்தொண்ணு நாற்பத்தொண்ணாவே இருக்கட்டுமுங்க."

கூடாரத்தில் சாட்சி

படம் சேந்தமங்கலம் டூரிங் கொட்டகைக்கு வந்தபோது, என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். திரையில் பயில்வான் விழுந்ததும், "அட, நம்ம செங்கோடன் முதுகு!" என்று ஒரு குரல். கூடாரமே திரும்பியது. அவர் என்னைப் பார்த்தார்.

நாலு பேர் முன்னால் வாய் திறவாத நான் எழுந்தேன். "கீழே நாலு கம்பளி இருந்தது. நான்தான் எண்ணி விரித்தேன்" என்றேன். யாரோ சிரித்தார்கள். அப்போது தரை டிக்கெட்டிலிருந்து, ஒரு காலத்தில் அவரிடம் தோற்ற பெரியவர் ஒருவர் எழுந்தார்.

"சிரிக்காதீங்கப்பா. அவன் தோத்தவன்னா, அவங்கிட்டத் தோத்த நாங்கெல்லாம் யாரு? கம்பளின்னே இருக்கட்டும்."

விரித்தது நாலு, திரும்பி வந்தது மூன்று. நாலாவது யார் வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தும் நான் கேட்காமல் விட்ட சாமான் அது ஒன்றுதான்.