விரிசல் விட்ட அம்புக்கூடு

சிபெருத் தீவில் விடாமல் மழை. காட்டுப் பாதையில் சேற்றின்மேல் போட்டிருந்த மரக்கட்டைகள் வழுக்கின. லெப்பொனின் அப்பன் அமான் லெப்பொனின் மூங்கில் அம்புக்கூடு அடியில் விரிசல் விட்டுவிட்டது. நஞ்சு தடவிய அம்புகளை ஒரு பாளையில் சுற்றி முதுகில் கட்டினான்.

"கட்டையில வழுக்கி விழுந்தா? நஞ்சுக்குக் குரங்கு எது, லெப்பொனப்பா எதுன்னு தெரியாது," என்றாள் மனைவி.

"புது மூங்கிலுக்கு ஆத்தங்கரை வரைக்கும் போகணும். முழங்கால் விட்டுப்போச்சு."

"அப்ப வீட்டுல கிடங்க."

"குரங்கு கத்துறது கேக்குதுல்ல? பிள்ளைங்க கறி தின்னு எத்தன நாளாச்சு."

"கறிக்கு அப்பனைக் குடுத்துட்டு அதுங்க என்னத்தத் திங்கும்?"

அவன் அம்புகளை அவிழ்த்து, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் கூரையில் செருகினான். வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் மெல்ல நடந்தான். குரங்குகளின் சத்தம் மலைக்கு அந்தப்புறம் போய்க்கொண்டிருந்தது.