பூட்டக்காவும் பதினோரு கணினிகளும்

அந்த ஸ்கேன் மையத்தில் எல்லோருக்கும் அவர் பூட்டக்காதான். தண்ணீர் குடிக்க எழுந்தால்கூடக் கணினியைப் பூட்டிவிட்டுத்தான் போகவேண்டும் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கறாராகச் சொல்லிவைத்ததால் வந்த பட்டம் அது. அங்கிருந்த பதினோரு கணினிகளும் அவர் பொறுப்பு. யாராவது அப்படிக் கூப்பிட்டால் கோபப்படமாட்டார், "என்ன, சாவி வேணுமா?" என்று சிரிப்பார்.

ஒரு திங்கட்கிழமை காலை, அவர் கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. ஸ்கேன் படங்களைப் பார்க்கும் டாக்டர் வந்து பிடித்துக்கொண்டார். டாக்டருக்கு வாய் நீளம், மனசு வெள்ளை.

"அக்கா, என் கம்ப்யூட்டருக்கு என்ன செஞ்சீங்க? வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒழுங்கா இருந்துச்சு. இப்ப ஒரு படம் திறக்கிறதுக்குள்ள நான் ஒரு கொட்டாவியே விட்டு முடிச்சிடறேன்!"

சனிக்கிழமைதான் எல்லாக் கணினிகளிலும் இயங்குதளத்தின் ஒரு பாதுகாப்பு வசதியைப் பூட்டக்கா இயக்கியிருந்தார். கணினியின் அடிமடியில் கைவைக்க வரும் எந்த நிரலையும், நம்பத்தக்கதுதானா என்று சோதித்த பிறகே அது உள்ளே விடும். அந்தச் சோதனை வேலையும் புராசஸரின் தலையில்தான் விழும்.

"அதை அணைச்சிடுங்களேன். முதுகெலும்புப் படத்தை எவன் திருடப் போறான்?"

"உங்க முதுகெலும்பு ஊரெல்லாம் சுத்தினா சும்மா இருப்பீங்களா, டாக்டர்?"

ஆனால் வெளியே பெஞ்சு கொள்ளாமல் நோயாளிகள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது, டாக்டர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகப் பூட்டக்காவுக்குப் பட்டது. "புதன்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோங்க" என்று தவணை வாங்கிக்கொண்டார்.

வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பினார். கணவர் பஸ் டிரைவர்.

"வேகத்தடைன்னா எல்லா பஸ்ஸும்தான் மெதுவா ஏறும்" என்றார் அவர். "ஏறி இறங்கினதும் புது பஸ் சட்டுனு வேகம் பிடிச்சிடும். என் கிழட்டு பஸ்தான் மூச்சு வாங்கும். நீ பதினொண்ணையும் ஓட்டிப் பார்த்தியா, டாக்டரோடத மட்டும் பார்த்தியா?"

பூட்டக்காவுக்குச் சுருக்கென்றது. அவர் ஒன்றைக்கூட ஓட்டிப் பார்த்திருக்கவில்லை.

மறுநாள் ஒரே படத்தைப் பதினோரு கணினிகளிலும் திறந்து, கடிகாரம் வைத்து அளந்தார். வசதியை அணைத்து ஒருமுறை, இயக்கி ஒருமுறை. டாக்டரின் பழைய கணினியில் ஆறு நொடி ஒன்பதாகியிருந்தது. மேலாளரின் புதுக் கணினியிலோ அணைத்தாலும் இயக்கினாலும் மூன்றே நொடி. புது புராசஸருக்குள் அந்தச் சோதனைக்கென்றே தனி ஏற்பாடு உண்டு. பழையது அதையே தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டுச் செய்துகொண்டிருந்தது.

அளவுகளைக் குறித்த தாளோடு மேலாளர் முன்னால் போய் நின்றார்.

"சார், உங்க கம்ப்யூட்டர் டாக்டருக்கு வேணும்."

"அப்ப எனக்கு?"

"டாக்டரோடது."

"அது ஆமைன்னு நேத்து முழுக்க அவர் கத்தினாரே!"

"படத்துக்குத்தான் சார் ஆமை. லெட்டர் அடிக்க அது தாராளமாப் போதும்."

மேலாளர் தாளைப் புரட்டினார். "என் கம்ப்யூட்டர எப்ப சோதிச்சீங்க?"

"நீங்க சாப்பிடப் போனப்ப. பூட்டாம போயிருந்தீங்க. சீட்டாட்டம் பாதியில இருந்துச்சு; கலையாம சேமிச்சு வெச்சிருக்கேன் சார்."

மேலாளரின் முகம் போன போக்கைச் சொல்லி மாளாது. அரைமணி நேரத்தில் கணினிகள் இடம் மாறின. பாதுகாப்பு எங்கேயும் அணையவில்லை. புதன்கிழமை மதியத்துக்குள் பெஞ்சுகள் காலி.

அந்த அளவுகளை அறிக்கையாக எழுதி அனுப்பும்படி தலைமை அலுவலகம் கேட்டது. மற்றக் கிளைகளிலும் இதே புலம்பலாம். பூட்டக்காவுக்கு அறிக்கை எழுதிப் பழக்கமில்லை. "நீங்க சொல்லுங்கக்கா, நான் அடிக்கிறேன்" என்று டாக்டரே புதுக் கணினி முன்னால் உட்கார்ந்தார். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். முதல் வரி முடியவே ஐந்து நிமிடம் ஆனது.

"டாக்டர், இந்த வேகத்துக்கு எந்தப் பாதுகாப்ப அணைக்கிறது?" என்றார் பூட்டக்கா.

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்ததில், கை விசைப்பலகையில் பட்டு அந்த ஒரு வரியும் அழிந்துபோயிற்று.