கண்ணாடியின் உச்சியில் ஒரு படம்

இன்று காலை பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து ஷேவிங் சோப்பின் வாசனை வந்ததும், எண்பதுகளில் மைசூர் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு எதிரே இருந்து, இப்போது இருந்த இடமே தெரியாமல் போய்விட்ட அந்த சலூனுக்குள் போய் நின்றுவிட்டேன். ஒருநாள் போட்டித் தொடர் நடக்கும் நாட்களில் கடைக்காரர், பத்திரிகையில் வெட்டிய ஆட்டக்காரர்களின் படங்களைச் சோப்பு நுரை தடவிக் கண்ணாடியில் ஒட்டுவார். தொடரில் அதிக ரன் எடுத்தவர் உச்சியில், மற்றவர்கள் வரிசையாகக் கீழே, ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் ஈரத்தோடு உரித்து இடம் மாற்றுவார். ரேடியோ வர்ணனையில் நம் ஆள் ஆடும்போது உட்கார்ந்திருப்பவர் எழக் கூடாது என்பது அங்கே சட்டம்.

"அம்மாவுக்கு வயிறு வலிக்குதாம், உடனே வரச் சொன்னாங்க" என்று நான் ஓடிப்போய்ச் சொன்ன மாலையில், அப்பா பாதி முகத்தில் நுரையோடு இருந்தார்.

"ஏளபேடி சார், எழுந்திருக்காதீங்க, எழுந்தா விக்கெட் போயிடும்! இன்னும் கொஞ்சம் ரன்தான், நம்ம ஆளு மேல வந்துடுவான்" என்றார் கடைக்காரர்.

அப்பா என்னைப் பார்த்தார், ரேடியோவைப் பார்த்தார். "இந்த ஓவர் முடியட்டும்மா."

நுரை காய்ந்து வெடிக்கும்வரை அந்த ஓவர் முடியவேயில்லை.

நம் ஆளின் படம் உச்சிக்குப் போனது. அம்மாவின் வயிற்றில் இருந்த குழந்தை தங்கவில்லை. அதன்பின் அப்பா வீட்டிலேயே, கண்ணாடி இல்லாமல், தடவித் தடவிச் சவரம் செய்துகொண்டார்.

எந்தத் தொடரில் யார் அதிக ரன் என்று என் மகன் கேட்டால் அப்பா கடகடவென்று சொல்வார். அந்த ஒரு தொடரை மட்டும் மறந்துவிட்டதாகச் சொல்வார். கிரிக்கெட்டே பார்க்காத அம்மா, சமையலறையிலிருந்து அந்தப் பெயரைச் சொல்வாள்.